ரத்தம் குடிக்கும் புழுவுக்கு ரத்தத்திலேயே மருந்து

(சிங்கப்பூரின் டோபி காட்டில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூன்று ரயில் தடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுகிற டோபி காட்டில், ஆட்டின் வயிற்றுப் புழுவைப் பற்றிப் பேச ஒரு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஏற்பாட்டாளர்களின் துணிச்சலுக்கு முதலில் என் நன்றி. யோசித்துப் பார்த்தால் இந்த வட்டாரம் கால்நடைக்கு அந்நியமானதும் அல்ல. பிராஸ் பாசா ஓடையில் நம் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த காலத்தில், கொஞ்ச தூரம் தள்ளி சிராங்கூன் சாலை ஓரத்தில் எருமைத் தொழுவங்கள் இருந்தன. அங்கே இன்றும் ஒரு சாலைக்கு எருமையின் பெயர். இன்னொன்றுக்கு பெலிலியோஸ் என்ற மாட்டு வணிகரின் பெயர்.

நான் இங்கே இதைப் பேச ஒப்புக்கொண்டதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. தேக்கா சந்தையில் நீங்கள் வாங்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. நான் பேசப்போகும் தடுப்பூசி முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் அந்த நாட்டில்தான். இன்னொரு காரணம், ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் நம் பிள்ளைகள். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை என்று ஊர் சொல்வார்கள். இங்கிருந்து அனுப்பும் பணத்தில் வீட்டில் நாலு ஆடு வாங்கி விட்டிருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஆடுகள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சாகும்போது தொலைபேசியில் செய்தி இங்கேதான் வருகிறது.

எப்படிச் சாகின்றன? "நல்லாத்தான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு டாக்டரய்யா, ரெண்டு நாளா பின்தங்குச்சு, காலைல பாத்தா தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது" என்று வந்து நிற்பார்கள். கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது, காகிதம் போல வெளுத்திருக்கும். கழிச்சல்கூட இருக்காது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் நான்காம் இரைப்பையின் உட்சுவர் முழுக்கப் புழு நெளியும். குடற்புழு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆட்டைக் கொல்வதில் முதலிடம் பிடிக்கும் இந்தப் புழு குடலுக்குப் போவதே இல்லை. இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது.

இதன் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைச் சினைப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடப்பதால், பழைய முடிதிருத்தகங்களின் வாசலில் சுழலும் வரிக்கம்பம் போலத் தெரியும். ஆஸ்திரேலிய ஆட்டுக்காரர்கள் அந்தக் கம்பத்தின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். ஒரு புழுவால் ஆடு நாளொன்றுக்கு இழக்கும் ரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். அற்பம். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலிட்டர். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான். ஒரே மாதத்தில் அந்த ஆடு தன் முழு ரத்தத்துக்குச் சமமான அளவை இழந்துவிடுகிறது. உடம்பு புதிதாக ஊறவைத்து ஈடுகட்டிப் பார்க்கும். இரும்புச் சத்தும் புரதமும் தீர்ந்துபோன நாளில் ஆடு படுத்துவிடும்.

முட்டைக் கணக்கு இன்னும் பயங்கரம். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். நூறு ஆடுள்ள மந்தையில் ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு பெண் புழு என்று வையுங்கள். குறைந்த கணக்கிலேயே ஒரு நாளைக்கு 25 கோடி முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் குஞ்சுப்புழு தயார். அது பனித்துளியில் நீந்திப் புல் நுனிக்கு ஏறும். ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கும். மூன்று வாரத்தில் புழு பருவமடைந்து மறுபடி முட்டை. விடியற்காலையில் பனிப்புல்லில் ஆட்டை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது மூடநம்பிக்கை அல்ல.

மருந்தே இல்லையா என்றால், நிறைய உண்டு. 1961-ல் தயபெண்டசோல் வந்தது. புழுவின் கதை முடிந்தது என்றார்கள். 1964-லேயே அந்த மருந்துக்கு அசையாத ஹீமாங்கஸ் இருப்பதாக அறிவியல் இதழ்களில் செய்தி வந்துவிட்டது. 1981-ல் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து. மனிதர்களின் ஆற்றுக்குருடு நோயை ஒடுக்கியதற்காக சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பெல் இருவரும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆட்டுப் புழு அந்த மருந்தையும் பத்தாண்டுக்குள் தாங்கப் பழகிக்கொண்டது. 2009-ல் நியூசிலாந்தில் மோனபான்டெல் என்ற முற்றிலும் புதிய வகை மருந்து விற்பனைக்கு வந்தது. நாலே ஆண்டில் அதற்கும் எதிர்ப்பு. தமிழ்நாடும் விலக்கல்ல. நீலகிரிப் பக்கத்துப் பண்ணைகளில் பென்சிமிடசோல் வகை மருந்துகள் பலனிழந்ததை நம் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுக்க, தேவை இருக்கிறதோ இல்லையோ, வாயில் ஊற்றிவிடுகிறோம். எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து, மிச்சம் பிடிக்க அரை அளவு கொடுக்கிறோம். போன முறை அல்பெண்டசோல் என்றால் இந்த முறை பென்பெண்டசோல் என்று மாற்றிவிட்டதாகப் பெருமைப்படுகிறோம். புட்டியின் பெயர்தான் மாறியது, இரண்டும் ஒரே குடும்பம். அரை அளவு மருந்தில் செத்தது பலவீனமான புழு. பிழைத்ததுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது.

சரி, அம்மைக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி போடுகிறோமே, புழுவுக்குப் போட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு எழுபது வயது ஆகப்போகிறது. 1959-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் மாட்டின் நுரையீரல் புழுவுக்கு ஒரு தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தார்கள். புழுவின் குஞ்சுகளை எக்ஸ் கதிரில் காட்டி முடமாக்கி, மாட்டுக்குக் குடிக்கக் கொடுப்பது. குஞ்சு உள்ளே போய் வளரமுடியாமல் மடியும், மாட்டின் உடம்பு அதை அடையாளம் தெரிந்துகொள்ளும். அதே வழியில் நம் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் செம்மறியின் நுரையீரல் புழுவுக்கு 'டிஃபில்' என்ற தடுப்பு மருந்தைச் செய்து காஷ்மீர் மந்தைகளுக்குக் கொடுத்தது. மேய்ச்சல் ஆட்டுக்குப் புழுத் தடுப்பு மருந்து என்பது இந்தியா கேள்விப்படாத விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தந்திரத்தை ஹீமாங்கஸிடம் காட்டியபோது பலிக்கவில்லை. வளர்ந்த ஆடுகளில் ஓரளவு பலன். இளங்குட்டிகளில் பலனே இல்லை. செத்துப்போவது குட்டிகள்தானே?

இங்கேதான் வேறொரு யோசனை வருகிறது. எனக்கு மிகப் பிடித்த யோசனை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஆட்டின் உடம்பு புழுவின் வெளித்தோலைப் பார்க்கிறது, அது கக்கும் எச்சிலைப் பார்க்கிறது. இவற்றுக்கெல்லாம் புழு கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகி, ஏமாற்றக் கற்றுவைத்திருக்கிறது. ஆனால் புழுவின் குடலுக்குள்ளே, உட்சுவரில் இருக்கும் புரதங்களை ஆட்டின் உடம்பு ஒருபோதும் பார்ப்பதில்லை. பார்க்காததால் எதிர்ப்பும் இல்லை. எதிர்ப்பு இல்லாததால் புழுவும் அங்கே காவல் போடவில்லை. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், புழுவின் குடல் புரதத்தைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கே ஊசியாகப் போட்டார்கள். ஆட்டின் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ஊறியது. புழு வழக்கம்போல ரத்தம் குடித்தது. குடித்த ரத்தத்தோடு எதிர்ப்பொருளும் உள்ளே போய், குடல் சுவரில் ஒட்டி, செரிமானத்தை நிறுத்தியது. பல புழு பட்டினியில் உதிர்ந்தது. மிஞ்சியதற்கு முட்டையிடத் தெம்பில்லை.

இதில் முக்கியமான புரதம் ஒன்றுக்கு எச் 11 என்று பெயர். கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரகாம் ஆய்வகத்தில் எட்வர்ட் மன் முதலில் கண்டுபிடித்தார். அதைத் தடுப்பூசியாக்கும் வேலையைத் தூக்கிச் சுமந்தது எடின்பரோ அருகிலுள்ள மோர்டன் ஆராய்ச்சி நிலையம். டேவிட் ஸ்மித் தலைமையில் பல ஆண்டு உழைப்பு. மோர்டன் அரசாங்கம் தொடங்கிய நிலையம் அல்ல. 1920-ல் ஸ்காட்லாந்தின் ஆட்டுக்காரர்கள் கூடித் தொடங்கியது.

புரதம் கிடைத்துவிட்டது, இனி பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ அதே புரதத்தை வளர்த்துக்கொள்ளலாம், மலிவாக முடியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வளர்த்தார்கள். பாக்டீரியாவில், பூச்சி உயிரணுவில், கடைசியில் மண்ணில் வாழும் இன்னொரு புழுவிலேயேகூட வளர்த்தார்கள். ஆட்டுக்குப் போட்டபோது பாதுகாப்பு வரவில்லை. புரதம் மடிந்திருக்கும் விதமும், அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கொத்துகளும் அசலில் இருப்பதுபோல் அமையவில்லை என்பதே காரணமாகக் கருதப்படுகிறது. பெரிய மருந்து நிறுவனங்கள் இதிலிருந்து கழன்றுகொண்டன.

மோர்டன் ஆட்களும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் இருந்த வேளாண்துறை ஆய்வகத்தாரும் கழன்றுகொள்ளவில்லை. அசலை நகல் எடுக்க முடியாவிட்டால் அசலையே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஆட்டுக்கு வேண்டுமென்றே புழு ஏற்றி, அறுவைக்கூடத்தில் அதன் இரைப்பையிலிருந்து புழுவைச் சேகரித்து, புழுவிலிருந்து குடல் புரதத்தைப் பிரித்து ஊசி தயாரித்தார்கள். கேட்பதற்கு அருவருப்பாகவும், தொழிற்சாலைக்காரன் காதில் பைத்தியக்காரத்தனமாகவும் இருக்கும். ஆனால் ஓர் ஊசிக்குத் தேவை ஐந்தே மைக்ரோகிராம் புரதம். அந்தக் கணக்குதான் அவர்களைக் காப்பாற்றியது. 2014-ல் 'பார்பர்வேக்ஸ்' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் 'வயர்வேக்ஸ்' என்று பெயர். ஊசியின் வீரியத்தைக் கூட்ட அதில் சபோனின் சேர்க்கிறார்கள். பூந்திக்கொட்டையில் நுரை தரும் அதே வகைப் பொருள். டோபி காட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஊசி போட்ட ஆட்டில் ஒரு புழுகூட இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கும். முட்டைகள் ஏறத்தாழ எண்பது சதவீதம் குறையும். இதைக் கேட்டதும் மேய்ப்பர் முகம் வாடும். "அப்போ முழுசா போகாதா?" போகாது. போகவும் வேண்டாம். சற்று முன் சொன்ன 25 கோடி முட்டை 5 கோடியாக இறங்கினால் அடுத்த மாதம் புல்லில் இருக்கும் குஞ்சுப்புழுவும் அந்த விகிதத்தில் இறங்கும். இந்த ஊசி ஒரு ஆட்டைக் காப்பாற்றுவதைவிட மேய்ச்சல் நிலத்தைச் சுத்தப்படுத்துகிறது என்பதுதான் சரி. அதனால் மந்தையில் நாலுக்குப் போட்டு மீதியை விட்டால் பணம் வீண். மருந்து எச்சம் இறைச்சியில் தங்காது என்பதால் உண்பவர்களுக்கும் கவலை இல்லை. தேக்காவில் கறி வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கோளாறும் உண்டு. ஆட்டின் உடம்பு இந்தப் புரதத்தை இயல்பாகப் பார்ப்பதே இல்லை என்றேன் அல்லவா? அந்தப் பலமே பலவீனமும்கூட. புல்லில் மேயும்போது புழு ஏறினாலும் உடம்பின் நினைவு புதுப்பிக்கப்படுவதில்லை. எதிர்ப்பொருள் தானாக வடிந்துவிடும். குட்டிகளுக்குத் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் மூன்று ஊசி. அதன்பிறகு புழுப் பருவம் முடியும்வரை ஆறு வாரத்துக்கு ஒன்று. அம்மைக்கு வருடத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுகிற நமக்கு இது பெரிய சுமை.

ஒரு சின்ன விலகல். ரத்தம் குடிக்கும் புழு ஆட்டோடு நிற்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குப் போன நம் மக்களைக் கொக்கிப்புழு அரித்தெடுத்தது. 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கவேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. துரைமார்கள் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்ததில் எத்தனை பங்கு வெறும் ரத்தசோகை என்று யார் கணக்கெடுத்தார்கள்? இன்று மனிதக் கொக்கிப்புழுவுக்கான தடுப்பூசி முயற்சிகளிலும் புழுவின் குடல் புரதங்களைக் குறிவைக்கும் இதே யோசனைதான் கையாளப்படுகிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறி சுமார் 45 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை என்று நல்ல நல்ல இனங்கள். நமக்குத் தடுப்பூசி செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூர் கிராமத்து ஆடுகளில். அந்த ஆடுகளிலிருந்து எடுத்த நச்சுயிரியை வைத்தே நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. 'அரசூர் 87' என்று அந்தக் கிராமத்தின் பெயர் அறிவியல் நூல்களில் நிற்கிறது. புழு வகையிலும், பன்றியின் நாடாப்புழுக் கட்டிக்கு 'சிஸ்வேக்ஸ்' என்ற தடுப்பூசியை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பை வைத்து உற்பத்தி செய்வது ஹைதராபாத் நிறுவனம்தான்.

ஆனால் அறிவியல் ஜெயித்தால் மட்டும் ஊசி மேய்ப்பர் கைக்கு வந்துவிடாது. ஆட்டின் தசையில் கட்டி உண்டாக்கும் ஒரு நாடாப்புழுவுக்கு 1989-லேயே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் அருமையான தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவில் வளர்த்தது, மலிவு, பலன் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அனுமதியும் கிடைத்தது. கடைக்கு வரவே இல்லை. வாங்குவார் இல்லை என்று வணிகக் கணக்கு சொன்னது.

ராமநாதபுரத்துக் கீதாரியை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார். இன்று ஒரு வயலில் கிடை, சில நாளில் அடுத்த வயல். வரப்பில் சமையல், கூடைக்கடியில் குட்டிகள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்த ஊசியோடு அவரை எந்த ஊரில் தேடுவது? இன்னொன்றையும் சொல்லவேண்டும். இடம் மாறிக்கொண்டே இருக்கும் கிடை தன் புழுக்கையை விட்டு விலகிப் போகிறது. குஞ்சுப்புழு புல் நுனிக்கு ஏறும் நாளில் ஆடு அடுத்த ஊரில் இருக்கிறது. ஒரே புறம்போக்கில், ஒரே கண்மாய்க்கரையில் வருடம் முழுக்கச் சுற்றிவரும் ஆடுகளுக்கே ஊசி அதிகம் தேவை. அதாவது, தொலைபேசியில் உங்களிடம் அழுகிறார்களே, அந்த நாலு ஆட்டு வீடுகளுக்கு. டெல்டாவின் ஈர வயலில் தட்டைப்புழுக்கள் வேறு காத்திருக்கின்றன. அவற்றுக்கு இந்த ஊசி பயனில்லை. இது ஒரே ஒரு புழுவுக்கான ஊசி.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த ஊசி நமக்கு வேண்டும். ஆனால் இறக்குமதிச் சரக்காக வந்து கால்நடை மருந்தகத்தின் குளிர்பெட்டியில் உறங்க வேண்டாம். அரசூரில் செய்ததை இன்னொரு முறை செய்யலாம். நம் மழைக்காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஆண்டு முழுக்க ஆறு வாரத்துக்கு ஒன்று என்பது நமக்குத் தேவைப்படாது. புரட்டாசியில் தொடங்கித் தை வரை போட்டால் போதுமா என்பதை மேச்சேரி ஆட்டிலும் சென்னைச் சிவப்பிலும் சோதித்துப் பார்க்கவேண்டும். அதோடு புழுவைத் தாங்கும் ஆடுகளையே பொறுக்கி இனப்பெருக்கம் செய்யும் வழியும் இருக்கிறது. ராஜஸ்தானில் அவிகாநகர் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தார் அதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் அவர்களுக்கு ஒரு கிளையும் உண்டு.

அதுவரைக்கும் செய்யக்கூடியது இருக்கிறது, அதிகச் செலவில்லாதது. தென்னாப்பிரிக்காவில் ஃபஃபா மலான் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கிய கண் அட்டை இருக்கிறது. ஆட்டின் கீழ்இமைச் சிவப்பை ஐந்து படிகளாகப் பிரித்து அச்சடித்த அட்டை. இமையை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. ஒரு மந்தையில் பெரும்பகுதிப் புழுவைச் சுமப்பது கொஞ்ச ஆடுகள்தான். மற்றவற்றை விட்டுவிட்டால், மருந்துக்குப் பழகாத புழு நிலத்தில் மிஞ்சி, மருந்தின் ஆயுளை நீட்டும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றி எல்லாப் புழுவையும் கொல்ல நினைப்பவர்தான் மருந்தை முதலில் இழக்கிறார்.

இந்த அரங்கில் ஊரில் ஆடு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, "மருந்து ஊத்தியாச்சா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "புழுக்கையைச் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து ஆட்டின் புதுப் புழுக்கையைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். மருந்து கொடுத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி ஒருமுறை கொண்டுபோகச் சொல்லுங்கள். முட்டை குறையவில்லை என்றால் அந்தப் புட்டியை இனி வாங்கவேண்டாம். ஆட்டை எடைபோட்டு அளவு கேட்கச் சொல்லுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் இந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்துவிடுங்கள். மழை தொடங்கியபிறகு செய்தால் பயன் குறைவு.